மேட்டு வீட்டுக் குழாய்

குன்னூர் நகராட்சியில் வால்வு திறக்கிறவன் நான்.
நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்று நான்கு என்று
லாலி ஆஸ்பத்திரியில் சீட்டில் எழுதியபோது
எந்த லைனில் என்று கேட்கப் போனேன்.

டாக்டர் ரம்லத் ஒரு வட்டம் வரைந்தார்,
அதற்குள் இன்னொரு சின்ன வட்டம்.
"ரத்தக்குழாய் குறுகினா அழுத்தம் ஏறும், கதிர்காமன்.
உங்களுக்கு நான் சொல்லவா வேணும்?"

வேண்டாம்தான். ஆனால் மேடம்,
இருபத்தாறு வருஷமாக நான் பார்த்த குழாய்
துரு பிடிக்கும், வேர் புகும்,
ஓட்டுப்பட்டறையில் ஒருமுறை செத்த எலி அடைத்தது.
தானாக இறுக்கிக்கொண்ட குழாயைப் பார்த்ததில்லை.
வார்ப்பிரும்புக்குச் சதை கிடையாது.

உள்ளே இருக்கிற குழாய்க்கு உண்டு என்றார்.
சுவரைச் சுற்றி மெல்லிய சதை.
குளிருக்கு இறுகும், கோபத்துக்கு இறுகும்,
காரணமே இல்லாமலும் இறுகும்.
மாத்திரை அதனிடம் போய்ச் சொல்லும்:
பிடியை விடு.

விட்டது.
முதல் வாரம் காது மடல் சுட்டது.
ரேலியா அணைக்கரைப் புல்
உறைபனியில் உப்புக் கொட்டினாற்போல் வெளுத்துக் கிடக்க
எனக்கு மட்டும் முகத்தில் வெயில்.
மாலைக்குள் கணுக்கால் வீங்கி
கம்பூட்ஸ் கழல மாட்டேன் என்றது.
விரலால் அழுத்தினால் ஒரு குழி.
டீ ஆறும்வரை அது நிறையவில்லை.

மேலே வால்வை அகலத் திறந்தால்
வண்ணாரப்பேட்டைத் தாழ்வில் ஜாயின்ட் கசியுமே,
அந்தக் கதைதான்.
மூத்திர மாத்திரை கொடுங்கள் என்றேன்.
தண்ணீர் கூடிப்போய் வந்த வீக்கமில்லை,
கசிவு; அதுக்கு இது கேட்காது என்றார்.

ஆனாலும் மிஷின் நூற்று அறுபதைவிட்டு இறங்கவில்லை.
இரண்டாவது மாத்திரை, மஞ்சள், மிகச் சின்னது.
"படுக்கப் போறப்ப மட்டும். எழுந்திருக்கிறப்ப மெதுவா."
மெதுவா என்பதன் கீழே
பேனாவால் இரண்டு கோடு.

மூன்றரைக்கு அலாரம்.
இருபத்தாறு வருஷமாக எழுந்ததுபோல் எழுந்து நின்றேன்.

ஊரின் எல்லா வால்வும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டால்
என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.
பள்ளத்து வீடுகளில் தொட்டி வழியும்.
மேட்டு வீட்டுக் குழாய் காற்றை இருமும்.
தெரிந்து என்ன,
அன்று மேட்டு வீடு என் தலை.
நெஞ்சுக்குள் மோட்டார் கெதக் கெதக்கென்று ஓடுகிறது,
ஏற்ற முடியவில்லை அதற்கு.

விழுந்தது நினைவில்லை.
விழுந்த பிறகு நன்றாக நினைவிருக்கிறது.
தரையோடு தரையாகக் கிடந்ததும்
மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் போய்
தலைக்குத் தண்ணீர் வந்துவிட்டது.
எல்லாம் அத்தனை தெளிவு,
பீரோவுக்கடியில் கிடந்த ஐம்பது காசு உட்பட.
புருவத்தில் மூன்று தையல்.

இப்போது கட்டில் விளிம்பில் உட்காருகிறேன்.
பாதத்தை ஊன்றி, ஆடுசதையை இறுக்கி விட்டு இறுக்கி
இருநூறு எண்ணவேண்டும்.
வால்வு சாவி கதவோரம் நிற்கிறது, என் உயரம்.
ஜன்னலில் பனி தவிர ஒன்றுமில்லை.

போன் அடிக்கிறது.
மவுண்ட் பிளஸன்ட் மேட்டில் கடைசி வீடு,
ஹில்டா டீச்சர்.
"எங்க வீட்டுக்குன்னா மட்டும் ஏம்ப்பா
எப்பவும் கடைசியா வருது?"
மேடு அப்படித்தான் டீச்சர், என்பேன் வழக்கமாக,
ஏதோ அவர் வேண்டுமென்றே அங்கே வீடு கட்டியதுபோல.

வரும் டீச்சர், என்றேன் இன்று.
ஏறிக்கிட்டிருக்கு.

எங்கே விட்டேன்.
நூற்று முப்பது.
நூற்று முப்பத்தொன்று.